குழந்தையோடு கார், விமானம்: கண்ணை விட்டுப் போகாத ஒரு காட்சி

குழந்தையோடு காரிலோ விமானத்திலோ போகும்போது பார்த்து, கண்ணை விட்டுப் போகாத ஒரு காட்சியைச் சொல்லுங்கள் என்று கேட்டதற்குப் பலர் எழுதியவை இவை. ஒவ்வொன்றுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.

பின்சீட்டு

பஞ்சு வைத்த குளிர்க்கோட்டு. குழந்தைக்கு ஒன்றரை வயசு இருக்கும், காரின் பின்பக்கம் பார்த்து உட்காரும் பின்னோக்கிய குழந்தை சீட், வாரை இழுத்தால் அசையவே இல்லை. அப்பா முகத்தில் அவ்வளவு திருப்தி. வாரைத் தளர்த்தாமல் பக்கிளை மட்டும் விடுவித்து, கோட்டைக் கழற்றி, அதே நீளத்தில் திரும்ப மாட்டச் சொன்னேன். வாருக்கும் நெஞ்சுக்கும் நடுவே அவர் கை முழுசாக உள்ளே போனது. கையை வெளியே எடுக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

மோதும்போது அந்தப் பஞ்சு நசுங்கிவிடும். நசுங்கிய அளவுக்கு வார் தளரும், தோள் அதன் வழியே நழுவும். அதனால் மெல்லிய உடுப்போடு உட்கார வையுங்கள். வாரை இறுக்கிய பிறகு கோட்டைத் திருப்பி முன்பக்கமாகப் போட்டுக் கைகளை நுழைக்கலாம், இல்லையென்றால் வாருக்கு மேலே போர்வை. காறை எலும்புக்குப் பக்கத்தில் வாரைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் சிக்கினால் இன்னும் இழுக்க வேண்டும். பின்னோக்கிய சீட்டில் தோள்வார் தோள் மட்டத்திலிருந்தோ சற்றுக் கீழிருந்தோ வரணும். முன்னோக்கிய சீட்டில் தோள் மட்டம் அல்லது சற்று மேலே. இதை மாற்றிப் போடுகிறவர்கள்தான் அதிகம். நெஞ்சுக் கிளிப் உள்ள சீட் என்றால் கிளிப் அக்குள் மட்டத்தில் இருக்கணும். தொப்புள்மேல் கிடந்தால் அது வெறும் அலங்காரம்.

தாங்குகால்

வாரைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், சீட்டு எதன்மேல் நிற்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

ஐசோஃபிக்ஸ் அடித்தளம், அதாவது பெல்ட் இல்லாமல் காரிலேயே உள்ள கம்பிகளில் கொக்கியால் மாட்டும் வகை. கொக்கி இரண்டும் கிளிக் ஆகியிருக்கு, தரையில் ஊன்றும் முன்காலில் பச்சைக் குறி. எல்லாம் சரி. காலுக்கு அடியில் விரலால் தட்டினால் பெட்டி மாதிரிச் சத்தம். கம்பளத்தைத் தூக்கினால் கீழே சாமான் அறையின் மூடி! கால் நின்றது அந்தப் பிளாஸ்டிக் மூடியின்மேல். பச்சைக் குறி சொல்வது கால் எதையோ தொட்டு அழுத்துகிறது என்பதை மட்டும்தான். அடியில் இருப்பது இரும்பா வெற்றிடமா என்று அதற்குத் தெரியாது. முன்பக்க மோதலில் சீட்டு முன்னால் கவிழாமல் பிடிப்பதே அந்தக் கால்தான். மூடி உடைந்தால் பிடிமானமும் போச்சு. சில கார்களுக்கு அந்த அறையை அடைக்கும் கட்டையைக் கார் நிறுவனமே கொடுக்கிறது. அது இல்லாவிட்டால் அந்த இருக்கையில் தாங்குகால் சீட்டு வேண்டாம்.

இன்னொன்று, கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். ஐசோஃபிக்ஸையும் மாட்டி, கார் பெல்ட்டையும் சேர்த்துப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. சீட்டின் கையேடு சொன்னால் ஒழிய இரண்டில் ஒன்றுதான். குழந்தையின் எடையைச் சீட்டே தன் வாரால் தாங்கும் ஐ-சைஸ் (ஐரோப்பியக் குழந்தை சீட்டுத் தரம்) வகையில், சீட்டும் குழந்தையும் சேர்ந்து 33 கிலோ தாண்டக்கூடாது. அசைவு சோதிக்கும்போது சீட்டின் தலைப்பக்கத்தைப் பிடித்து உலுக்காதீர்கள், எந்தச் சீட்டும் அங்கே ஆடும். பெல்ட் நுழையும் வழியைப் பிடித்து அசையுங்கள், 2.5 செ.மீ.க்கு மேல் நகர்ந்தால் திரும்பக் கட்டணும். முன்னோக்கிய சீட்டின் உச்சியைக் காரோடு கட்டும் மேல்வாரை நிறையப் பேர் சுருட்டி முதுகுக்குப் பின்னால் செருகிவிடுகிறார்கள். அதற்கான கொக்கி காருக்கு உள்ளே இருக்கு, தேடிப் பாருங்கள். பின்னோக்கிய சீட்டை இயங்கும் ஏர்பேக்குக்கு முன்னால் வைக்கவே கூடாது, இதில் விவாதமே இல்லை.

நடைவழி

விமானம். மடியில் குழந்தை, அம்மா தன் பெல்ட்டைக் குழந்தையையும் சேர்த்துச் சுற்றிப் போட்டிருந்தார். மேகத்துக்குள் ஒரே ஒரு குலுக்கல்தான். தட்டில் இருந்த டம்ளர் கூரையைத் தொட்டுவிட்டுக் கீழே வந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அம்மாவின் உடல் முன்னால் சாய்ந்து, குழந்தை அவருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே மடங்கியது. அந்த ஒரு விநாடி.

ஒரே பெல்ட்டுக்குள் இரண்டு பேர் என்றால் பெரியவரின் எடை முழுக்கச் சின்னவர் வயிற்றில்தான் இறங்கும். மடிக்குழந்தைக்கென்று தனித் துணைப் பெல்ட் உண்டு. பெரியவர் பெல்ட்டின் வழியே அதன் வளையத்தைக் கோத்து, குழந்தை இடுப்பில் தனியாக மாட்ட வேண்டும். ஐரோப்பிய விதிகளில் அது கட்டாயம். அமெரிக்க விதிகளில் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அதற்கு அனுமதி இல்லை, குழந்தையைக் கையால் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். கொடுக்கவில்லையே என்று சண்டை போடுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வரிசையின் ஒரே பக்கத்தில் இரண்டு மடிக்குழந்தைகளை ஏன் உட்கார விடுவதில்லை என்று கேட்பார்கள். ஆக்சிஜன் முகமூடி கணக்குதான். ஒரு பக்க இருக்கைகளின் எண்ணிக்கையைவிடப் பொதுவாக ஒன்றே ஒன்று கூடுதலாக இருக்கும். இரட்டைக் குழந்தைகளோடு வருபவர்கள் அதனால்தான் நடைவழிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பிரிகிறார்கள். முகமூடி விழுந்தால் முதலில் உங்களுக்கு, பிறகு குழந்தைக்கு.

நடைவழி இருக்கையில் மடிக்குழந்தை வேண்டாம். தள்ளுவண்டி, சூடான பானம், மேலே பெட்டி. மூன்றுமே அந்தப் பக்கத்தில்தான் வரும்.

ஜன்னலோரம்

நடைவழி நண்பரே, இவ்வளவு சொல்லிவிட்டு, குலுக்கலில் குழந்தையைக் கை தாங்கிப் பிடிக்காது என்பதை நேராகச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. குழந்தைக்குத் தனி டிக்கெட், அதில் கார் சீட்டு. அதுதான் பாதுகாப்பு. மற்றதெல்லாம் சமாளிப்பு.

கார் சீட்டைக் கொண்டுவந்த ஒரு அப்பாவின் நிலைமையைச் சொல்கிறேன். ஏறும்போது சுலபமாகக் கட்டினார். தரையிறங்கி எல்லாரும் போன பிறகும் அவர் அங்கேயே, வேர்வையோடு. விமான பெல்ட்டின் பக்கிள் கார் சீட்டின் வார்வழிக்குள் போய்ப் பிளாஸ்டிக் ஓட்டில் சிக்கிக்கொண்டது. தூக்கினால் திறக்கும் மூடி அது. முழுசாகத் தூக்க இடமில்லை.

எனவே கட்டியவுடன் ஒரு தடவை திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் பெல்ட் நீட்டிப்புத் துண்டு கேளுங்கள், பக்கிள் வேறு இடத்துக்கு நகர்ந்துவிடும். வாங்கும் முன்பே சீட்டில் விமானத்துக்கான அனுமதிக் குறிப்பு இருக்கிறதா பாருங்கள். அமெரிக்கச் சீட்டுகளில் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கும், ஐரோப்பியச் சீட்டுகள் சிலவற்றில் விமானத்துக்கு ஏற்றது என்று தனிச் சான்று இருக்கும். அகலத்தைக் கைப்பிடி உயரத்தில் அளக்கணும், அடியில் அல்ல. சாதாரண வகுப்பில் இரண்டு கைப்பிடிக்கும் நடுவே 43 செ.மீ. சுற்றளவில்தான் கிடைக்கும். விமானத்தில் ஐசோஃபிக்ஸ் கிடையாது, இடுப்பு பெல்ட் மட்டும்தான்; இடுப்பு பெல்ட்டால் மட்டும் கட்ட முடியாத சீட்டு அங்கே உதவாது. பெரிய குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் செல்லாது, அதற்குத் தோள்பெல்ட் தேவை. சீட்டு ஜன்னலோரம் போகணும், மற்றவர் வெளியேறும் வழியை அடைக்கக்கூடாது. அவசர வழி வரிசையில் கிடையாது. பல நிறுவனங்களில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிசைகளிலும் கிடையாது.

சீட்டைத் தூக்கித் திரிய முடியாது என்றால் 10 முதல் 20 கிலோ வரை எடையும் சுமார் 1 மீட்டர் வரை உயரமும் உள்ள குழந்தைக்குக் கேர்ஸ் என்ற தோள்வார் இருக்கு. இருக்கையின் முதுகைச் சுற்றிக் கட்டுவது, கைப்பையில் அடங்கும். விமானத்துக்கு மட்டும். இறங்கி வாடகைக் காரில் இதைக் கட்டிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள், வேண்டாம்.

நடைவழி

கை பிடிக்காது என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. தனி டிக்கெட் எல்லாருக்கும் முடியாது, முடியாதவர்களுக்காக எழுதினேன்.

செவிப்பறை

"ஏறும்போது பால் கொடுங்கள்." எல்லா இடத்திலும் இதையே எழுதுகிறார்கள். கேட்டுவிட்டுப் பாட்டில் முழுவதையும் ஓடுபாதையிலேயே காலி செய்த ஒரு தாய். இறங்கும்போது குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அலறுகிறது, கையில் காலிப் பாட்டில்.

ஏறும்போது நடுக்காதில் உள்ள காற்று விரிந்து தானாக வெளியே போய்விடும். இறங்கும்போதுதான் சிக்கல். வெளி அழுத்தம் கூடும், காற்று உள்ளே போகணும், நடுக்காதிலிருந்து தொண்டைக்குப் போகும் குழாய் விழுங்கினால்தான் திறக்கும். குழந்தைகளுக்கு அது குட்டையாக, ஒடுங்கலாக, கிட்டத்தட்டப் படுக்கை நிலையில் இருக்கும். எனவே பாலை இறக்கத்துக்கு வையுங்கள். தரையிறங்க அரைமணி நேரம் இருக்கும்போதே பெரும்பாலும் இறக்கம் தொடங்கிவிடும். பெல்ட் அறிவிப்புக்குக் காத்திருக்காதீர்கள். தூங்குகிற குழந்தை குறைவாகத்தான் விழுங்கும். எழுப்பணுமா என்று கேட்டால், சளி பிடித்திருந்தால் எழுப்புங்கள், நன்றாக இருந்தால் விட்டுவிடலாம். காதில் தொற்று இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூடி

உறிஞ்சுகுழல் டம்ளர். தரையில் நிரப்பி மூடி, மேலே போய்க் குழலை நிமிர்த்தினார்கள். முன்சீட்டுக்காரர் தலை முழுக்கப் பால். உள்ளே அடைபட்ட காற்று அந்த உயரத்தின் கேபின் அழுத்தத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு விரியும், போக வழி குழல் ஒன்றுதான். முதலில் திருகுமூடியைத் தளர்த்திக் காற்றை விடுங்கள், பிறகு குழல். டம்ளரை விளிம்பு வரை நிரப்பினால் உள்ளே காற்று குறைவு, பீய்ச்சுவதும் குறைவு.

குழந்தை வயிற்றுக்குள்ளும் இதே காற்றுதான். ஏறும் முன் தட்டி ஏப்பம் எடுத்துவிடுங்கள்.

இரவுப்பணி

தூக்க மருந்து. இதைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். நீண்ட பயணத்துக்குக் கிளம்பும் முன் சளி மருந்து ஒரு மூடி கொடுத்துவிட்டு வந்த குடும்பம். குழந்தை தூங்கவில்லை. கண் சிவந்து, இருக்கையில் நிற்கிறது, குதிக்கிறது, அடங்கவே இல்லை. சளி மருந்துகள் பலவற்றில் இருக்கும் தூக்கம் தரும் ஒவ்வாமை மருந்துகள் சில குழந்தைகளிடம் நேர்மாறாக வேலை செய்யும். இது அரிதானதும் இல்லை. அதைவிட மோசம், மூச்சு மந்தமாகலாம். அந்த வகையைச் சேர்ந்த புரோமெத்தசின் 2 வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது.

காரில் வாந்தி வருகிறது என்றால் மருந்துக்கு முன் செய்ய வேண்டியது நிறைய இருக்கு. 2 வயதுக்குக் கீழ் பயண வாந்தி அரிது. அந்த வயதில் திரும்பத் திரும்ப வந்தால் வேறு காரணம் தேடணும். அதற்கு மேல் 12 வயது வரைதான் உச்சம். உள்காது அசைவைச் சொல்கிறது, கண் அசையாத திரையைக் காட்டுகிறது, இரண்டும் முட்டுகின்றன. போனைப் பிடுங்கிக்கொண்டு முன்கண்ணாடி வழியே தூரத்தைப் பார்க்க வையுங்கள். கிளம்பும் முன் சிறிது உணவு, காற்றோட்டம், வளைவில் மெதுவாக ஓட்டுவது. கொட்டாவி, எச்சில் ஊறுவது, முகம் வெளிறுவது, திடீர் மௌனம் வந்தால் அப்போதே வண்டியை ஓரம் கட்டணும். வாந்தி பக்கிளுக்குள் போய்விட்டால் கையேட்டில் சொன்னபடி வெதுவெதுப்பான தண்ணீரால் மட்டும் அலசுங்கள். எண்ணெய், சோப்பு எதுவும் வேண்டாம். வாரை வாஷிங் மெஷினில் போடாதீர்கள், நார் பலம் குறையும்.

பால் மாவு விஷயமும் சேர்த்துவிடுகிறேன். மாவை ஒரு வேளைக்கு ஒரு டப்பாவாக அளந்து உலர்வாகக் கொண்டு போங்கள். தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையக்கூடாது, மாவிலேயே கிருமி இருக்கலாம். கலக்கியபின் ஆறவைத்து மணிக்கட்டில் சொட்டு விட்டுப் பாருங்கள். வெளியே வைத்த பாலை 2 மணி நேரத்துக்குள் கொடுக்கத் தொடங்கணும், குழந்தை வாய் வைத்ததை 1 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடணும். விமானத் தொட்டித் தண்ணீரில் கலக்காதீர்கள், பாட்டில் தண்ணீரை வாங்கி அதைச் சூடாக்கித் தரச் சொல்லுங்கள்.

பின்சீட்டு

இரவுப்பணிக்காரரே, காட்சி நாலு வரி, மருந்துச் சீட்டு நாற்பது வரி! ஆனால் வார், பக்கிள் பற்றிச் சொன்னது சரி.

டிக்கெட்

போகும்போது குழந்தைக்கு 2 வயசு ஆகவில்லை, மடியில் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ போனார்கள். பிறந்தநாள் பயணத்துக்கு நடுவில். திரும்பும் நாளில் கவுன்டரில் பாஸ்போர்ட்டைப் பார்த்த ஊழியர் தலையை அசைக்கிறார். விமானம் நிறைந்துவிட்டது, தனி இருக்கை இல்லை. தாத்தா பாட்டி வாசலில் இன்னும் கையசைத்துக்கொண்டே நிற்கிறார்கள்.

வயசு ஒவ்வொரு பறக்கும் நாளுக்கும் தனியாகப் பார்க்கப்படும். திரும்பும் பயணத்துக்கு முன்பே 2 நிறைந்தால் அந்தப் பயணத்துக்கு இருக்கை முதலிலேயே எடுங்கள். விமானத்தில் தொட்டில் வேண்டுமென்றால், எதிரே இருக்கை இல்லாமல் சுவர் இருக்கும் முன்சுவர் வரிசையில் கேட்கணும். எடை வரம்பு பல நிறுவனங்களில் 10, 11 கிலோ, சிலவற்றில் உயரமும் பார்ப்பார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் குலுக்கலிலும் குழந்தையை வெளியே எடுக்கச் சொல்வார்கள், தூங்கினாலும்.