சென்ட்ரலைஸ் என்பதை எப்படித் தமிழில் எழுதுவது?

கேள்வி (காரைக்குடி): எங்கள் கடைக்கு நான்கு கிளைகள். கொள்முதலை இனி 'சென்ட்ரலைஸ்' பண்ணப்போகிறோம், அதைத் தமிழில் எழுதி ஒட்டு என்றார் முதலாளி. 'மையப்படுத்துகிறோம்' என்று எழுதினேன். தேவகோட்டைக் கிளை அண்ணன் படித்துவிட்டு, "கடையை ஊர் நடுவுக்கு மாற்றுகிறார்களா?" என்று கேட்கிறார்.

பதில்: தம்பி, இடம் நடுவில் இருக்க வேண்டும் என்று அந்தச் சொல்லில் இல்லை. பலர் கையில் இருந்த முடிவு ஒரே கைக்குப் போகிறது, அவ்வளவுதான். 'கொள்முதல் முழுவதும் இனி தலைமைக் கடை வழியாகவே' என்று எழுதுங்கள்.

பதில்: நம் செட்டிநாட்டு நகரத்தார் வீட்டு வழக்கத்தையே பாருங்கள். கல்யாணமான பிள்ளைகளை வேறு வைத்துவிடுவார்கள், ஒரே கூரைதான், ஆனால் தனி அடுப்பு, தனிக் கணக்கு, அரிசி பருப்பு வாங்குவதுகூடத் தனி. அந்த அடுப்பெல்லாம் ஒன்றாகி, சாவிக்கொத்து பெரிய ஆச்சி இடுப்புக்குப் போனால் அதுதான் சென்ட்ரலைஸ். எதிர்ச்சொல் டீசென்ட்ரலைஸ், அதிகாரப் பரவல். ஊராட்சிகளுக்காக 1992-இல் நிறைவேறிய 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அந்த வகை.

பதில்: 'கான்சன்ட்ரேட்' என்பதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதிகாரம் தானாகவும் ஓரிடத்தில் குவியலாம். சென்ட்ரலைஸ் என்றால் பெரும்பாலும் யாரோ திட்டம் போட்டு அப்படி மாற்றியமைக்கிறார்கள்.

கேட்டவர்: சரி அண்ணே, 'தலைமைக் கடை வழியாகவே' என்று மாற்றி ஒட்டிவிட்டேன்.