ஏசி சர்வீஸ் தொழிலுக்கு எந்த சாஃப்ட்வேர் எடுப்பது? 5 மெக்கானிக், 300 ஏஎம்சி மெஷின்

கேள்வி: மதுரை ஏசிக்காரர்

வணக்கம். மதுரையில் 11 வருடமாக ஏசி சர்வீஸ் செய்கிறேன். ஐந்து மெக்கானிக், இரண்டு ஹெல்பர். போன் எடுப்பதும் பில் போடுவதும் என் மனைவி. வீட்டு வேலை போக கிளினிக், ஜவுளிக்கடை, இரண்டு லாட்ஜ் என்று சுமார் 300 மெஷின் ஏஎம்சியில் (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) இருக்கிறது. இதுவரை ஒரு நீள நோட்டு, ஒரு வாட்ஸ்அப் குரூப், டேலி, இதை வைத்தே ஓட்டிவிட்டோம்.

போன ஏப்ரலில் ஒரு கிளினிக்கை இழந்தோம். பிப்ரவரியில் பார்த்திருக்க வேண்டிய சர்வீஸ், நோட்டில் முந்தின பக்கத்தோடு நின்றுவிட்டது, யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. ஏசித் தண்ணீர் வெளியேறும் டிரெயின் பைப் அடைத்து லேப் மேஜை மேல் தண்ணீர் சொட்டியிருக்கிறது. ஆறு வருட கஸ்டமர், டாக்டர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, ஆனால் புதுப்பிக்கவும் இல்லை. அவர் மேல் தப்பே கிடையாது. அதே வாரம் அண்ணா நகரில் ஒரே வீட்டுக்கு இரண்டு பையன்கள் போய் நின்றார்கள், கே.கே. நகரில் காத்திருந்த வீட்டுக்கு யாரும் போகவில்லை.

அதனால் சாஃப்ட்வேர் எடுத்தே ஆக வேண்டும் என்று மூன்று டெமோ பார்த்தேன். மூன்றிலும் முதலில் காட்டியது மேப்பில் பைக் நகர்வதைத்தான். தலைக்கு மாதம் இவ்வளவு, ஒரு வருடப் பணம் முன்கூட்டி என்கிறார்கள். ஜோஹோ எஃப்எஸ்எம், ஓடூ, ஈஆர்பிநெக்ஸ்ட் என்றும் சொல்கிறார்கள், என் பையன் ஜாபர், ஹவுஸ்கால் ப்ரோ வீடியோ எல்லாம் காட்டினான். தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள், எதை எடுப்பது? பையன்கள் அதைத் தொடுவார்களா?


பதில்: கோவை கூலிங்

அண்ணே, சாஃப்ட்வேர் பேரைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். உங்கள் 300 மெஷினுக்கும் தனித்தனியாக ஒரு பட்டியல் இருக்கிறதா? கஸ்டமர் பட்டியல் எல்லோரிடமும் இருக்கும், நான் கேட்பது மெஷின் பட்டியல்.

எங்களிடம் ஒன்பது பேர். முதலில் எடுத்த சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் கஸ்டமர் பேரில்தான் வைத்திருந்தது. 22 மெஷின் உள்ள லாட்ஜ் என்றால் "ஏசி சர்வீஸ், 22" என்று ஒரே வரி. அங்கே 108-ம் நம்பர் ரூம் மெஷினுக்கு ஒரே வருடத்தில் மூன்று முறை கேஸ் ஏற்றியிருக்கிறோம், மூன்று தடவையும் வேறு வேறு பையன், ஒவ்வொருவனும் தான்தான் முதலில் ஏற்றுவதாக நினைத்திருக்கிறான். கடைசியில் பார்த்தால் அவுட்டோர் பக்கம் குழாயை இணைக்கும் ஃபிளேர் நட்டில் கசிவு. முதல் தடவையே சோப்பு நுரை வைத்துப் பார்த்திருந்தால் முடிந்திருக்கும் வேலை. மூன்று சிலிண்டர் கேஸ் என் கையை விட்டுப் போனது, லாட்ஜ்காரருக்கும் நம்பிக்கை போனது.

அதனால் கஸ்டமர், அவர் இடம், அந்த இடத்தில் எந்த மெஷின், அந்த மெஷினுக்கு இதுவரை என்னென்ன செய்தோம், இப்படி உள்ளே இறங்கிப் போக முடிகிற சாஃப்ட்வேரா என்று மட்டும் முதலில் பாருங்கள். ஜோஹோ எஃப்எஸ்எம்மில் இதை அசெட் என்று வைக்கலாம். ஈஆர்பிநெக்ஸ்ட்டில் சீரியல் நம்பர் வைத்து மெயின்டனன்ஸ் ஷெட்யூல் போடலாம், ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க உங்கள் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். ஓடூவில் ஃபீல்டு சர்வீஸ் காசு கட்டும் என்டர்பிரைஸ் பதிப்பில்தான் வரும். ஜாபர், ஹவுஸ்கால் ப்ரோ இரண்டும் நல்ல சாஃப்ட்வேர்தான், ஆனால் அமெரிக்கா, கனடா பக்கத்துத் தொழிலை மனதில் வைத்துச் செய்தவை. உங்கள் வீட்டம்மா சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி பிரித்து பில் போட்டு, யுபிஐ க்யூஆர் காட்டிப் பணம் வாங்க வேண்டும், அதற்கு அவை சரிப்பட்டு வராது.

இன்னொன்று. மெஷினுக்கு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டும்போது முன் பேனலைத் தூக்கினால் ஃபில்டர் பக்கத்தில் தெரிகிற மாதிரி உள்ளே ஒட்டுங்கள். நாங்கள் முதலில் அடிப்பக்கம் ஒட்டினோம், இரண்டாவது வாட்டர் சர்வீஸிலேயே உரிந்து வந்துவிட்டது. அவுட்டோரில் ஒட்டியது வெயிலில் ஒரே கோடையில் வெளுத்துப்போனது.


பதில்: திருச்சி மெக்கானிக்

நான் முதலாளி இல்லை, 14 வருடமாக மெக்கானிக். பையன்கள் தொடுவார்களா என்று கேட்டதால் சொல்கிறேன் சார்.

ஒரு வேலையை எப்படிச் செய்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ஏணி மேல் நிற்கிறேன், ஒரு கையில் பிரஷர் பம்ப் கன், காயிலில் அடித்த கெமிக்கல் நுரை மணிக்கட்டு வரைக்கும் வழிகிறது. இந்தக் கையோடு போனைத் தொட்டால் ஸ்கிரீன் வேலையே செய்யாது. எங்கள் முதலாளி எடுத்த ஆப்பில் ஒரு வேலையை முடிக்க 17 கட்டம் நிரப்ப வேண்டும், அத்தனையும் இங்கிலீஷில். என்ன ஆனது என்றால், ராத்திரி வீட்டுக்குப் போய் ஏழு வேலையையும் ஞாபகத்தில் இருந்து நிரப்பினோம். சக்ஷன் பிரஷர், ஆம்பியர் எல்லாம் குத்துமதிப்பு. அந்த எண்களை நம்பி முதலாளி ஒரு கம்ப்ரஸரை மாற்றச் சொன்னார் என்றால் அந்தப் பாவம் யாருக்கு?

இப்போது இருக்கும் இடத்தில் மூன்றே விஷயம். வேலைக்கு முன் ஒரு போட்டோ, பின் ஒரு போட்டோ, தமிழில் ஒரு வாய்ஸ் நோட். அதைக் கேட்டு ஆபீசில் உள்ள தங்கச்சி எழுதிக்கொள்கிறார். ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர், பிரஷர் காட்டும் கேஜ் இரண்டும் போட்டோவிலேயே தெரிவதால் பொய் எழுத வழியில்லை, எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

ஆப் எங்களுக்கு என்ன தருகிறது என்பதையும் பாருங்கள். கிளம்புவதற்கு முன்னால் அது ஆர்22 கேஸ் போட்ட பழைய மெஷினா, ஆர்32-ஆ, ஆர்410ஏ-வா என்று தெரிந்தால் சரியான சிலிண்டரை எடுத்துப்போவேன். ஆர்32 என்றால் மெஷின் தட்டில் போட்டிருக்கும் கிராம் கணக்கில் எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும், தராசும் வேண்டும், லேசாகத் தீப்பிடிக்கிற கேஸ் என்பதால் காற்றோட்டமும் பார்க்க வேண்டும். அவுட்டோர் மாடியில் இருக்கிறதா, மூன்றாவது மாடி வெளிச்சுவரில் தொங்குகிறதா? தொங்கினால் கயிறும் இரண்டாவது ஆளும் இல்லாமல் நான் போகவே கூடாது. போன தடவை வந்தவர் என்ன சொல்லிவிட்டுப் போனார்? இதெல்லாம் ஒரே திரையில் வந்தால் நாங்களே தேடி வந்து ஆப்பைத் திறப்போம்.

மேப்பில் பைக் ஓடுவது பற்றி ஒரு வார்த்தை. வேலை நேரத்தில் பார்ப்பது உங்கள் உரிமை, ஆனால் அதை முதலிலேயே உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். எங்கள் பழைய இடத்தில் சொல்லாமல் வைத்தார்கள். சாப்பிட உட்கார்ந்த 40 நிமிடத்துக்குக் கணக்கு கேட்டபோது இரண்டு நல்ல ஆட்கள் வேலையை விட்டார்கள். மார்ச்சில் ஆள் போனால் ஜூன் வரைக்கும் கிடைக்காது சார், உங்களுக்கே தெரியும்.


பதில்: கணக்கு மேடம், சென்னை

சின்ன சர்வீஸ் கம்பெனிகளுக்குக் கணக்கு பார்க்கிறேன். டெமோவில் கேட்க மறந்துவிடும் இரண்டு மூன்று விஷயம் மட்டும்.

ஏஎம்சி பணத்தை வருட ஆரம்பத்தில் மொத்தமாக வாங்கினால் ஜிஎஸ்டியும் அந்த மாதக் கணக்கிலேயே வந்துவிடும். அதற்குப் பிறகு வருடத்தில் நடக்கும் மூன்று நான்கு விசிட்டுக்கும் பில் கிடையாது. சில ஆப்கள் பில் போடாமல் வேலையை முடிக்க விடாது. அப்படி ஒரு கிளையன்ட்டிடம் வருடக் கடைசியில் நூற்றுக்கணக்கில் ஜீரோ ரூபாய் பில்லும் குழம்பிய பில் நம்பருமாக உட்கார்ந்து சரி செய்தேன். "ஏஎம்சி விசிட்டை பில் இல்லாமல் முடித்துக் காட்டுங்கள்" என்று உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள்.

அடுத்து, வரி விகிதத்தை நீங்களே மாற்ற முடிகிறதா? 2025 செப்டம்பர் 22 அன்று ஏசிக்கு 28 சதவீதம் 18 ஆனது. இன்னொரு கிளையன்ட் புது ஏசியும் விற்கிறார், அவருடைய ஆப்பில் 28 உள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது, கம்பெனிக்காரர்கள் மாற்றித் தரும் வரைக்கும் கையால் பில் எழுதினார். இ-இன்வாய்ஸ் வசதி என்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், ஆண்டு வியாபாரம் 5 கோடியைத் தாண்டியவர்களுக்குத்தான் அது கட்டாயம்.

அப்புறம், கையெழுத்துப் போடும் முன் மெஷின் விவரம், சர்வீஸ் வரலாறு எல்லாம் எக்ஸெலில் வெளியே எடுக்க முடிகிறதா என்று ஒரு தடவை எடுத்தே பாருங்கள். கஸ்டமர் பேரும் போன் நம்பரும் மட்டும் வந்தால் பத்தாது. நாளைக்கு வேறு இடத்துக்கு மாறினால் அந்த வரலாறுதான் உங்கள் சொத்து.


பதில்: மதுரை ஏசிக்காரர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. திருச்சி தம்பி எழுதியதை எங்கள் பையன்களுக்குப் படித்துக் காட்டினேன். 17 கட்டம் என்றதும் ஒருவன் "அண்ணே, அந்த மூணாவது டெமோல இதேதான்" என்றான். அதை விட்டாயிற்று.

ஒரு வருடப் பணம் கட்டவில்லை. இப்போது சீசன் முடிந்து வேலை குறைவு, அதனால் இரண்டு பையன்களை வைத்து, லாட்ஜ் 38 மெஷினுக்கு மட்டும் ஸ்டிக்கர் ஒட்டி எக்ஸெலில் ஏற்றத் தொடங்கிவிட்டோம். ஐப்பசி மழைக்குள் 300-ம் முடித்துவிட்டு, அதைக் கொண்டுபோய் ஜோஹோ எஃப்எஸ்எம்மில் போட்டுப் பார்ப்பதாக இருக்கிறேன். கோவை தம்பி, ஒரே சந்தேகம்: மெஷின் நம்பரை லாட்ஜ் பேர், ரூம் நம்பர் வைத்துப் போடுவதா, வெறும் எண்ணா?


பதில்: கோவை கூலிங்

வெறும் எண்ணே போதும் அண்ணே, 1-ல் இருந்து. லாட்ஜில் மெஷினை ஒரு ரூமில் இருந்து இன்னொரு ரூமுக்குக் கழற்றி மாட்டுவார்கள், உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள். ரூம் நம்பரைத் தனிக் கட்டத்தில் வையுங்கள், ஒவ்வொரு சர்வீஸிலும் பையன் அதைச் சரிபார்க்கட்டும்.