புதுப்பிப்பு: கிண்ணத்தில் உளி மாட்டியதன் காரணம் தெரிந்துவிட்டது

பதாக் என்னும் சிவப்பு மரக் கட்டையில் கிண்ணம் கடையும்போது உளி திடீரென்று மாட்டி, கட்டை லேத்திலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்தது ஏன் என்று போன மாதம் ரங்கூனிலிருந்து கேட்டிருந்தேன். சாணை சரியில்லை என்றுதான் பலரும் சொன்னீர்கள். சாணையில் குறை இல்லை, உளியே தப்பு.

ரங்கூனுக்குப் பக்கத்து ஊரான சிரியத்தில் வெகுகாலமாகக் கடைசல் போடும் பெரியவர் ஒருவரிடம் உளியைக் காட்டினேன். அவர் முனையைப் பார்க்கவே இல்லை. பிடியைக் கழற்றி, உள்ளே போகும் காம்பை விரலால் தொட்டார். "எவ்வளவு மெலிசா இருக்கு பாத்தியா தம்பி? இது கட்டில் காலுக்கு உள்ளது."

என் கையில் இருந்தது ரஃபிங் கௌஜ், அதாவது கட்டில் கால் போன்ற நீளக் கட்டையை முதலில் உருட்டிக்கொள்ளும் உளி. நீளக் கட்டையில் மரத்தின் ரேகை லேத்தின் அச்சோடு ஓடும், உளிக்குச் சிரமம் இல்லை. கிண்ணத்தில் ரேகை குறுக்கே கிடக்கும். ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை மரத்தின் வெட்டுமுகம் வந்து உளியில் மோதும். அந்த அடியில் தட்டைக் காம்பு ஒடிந்தே போகலாம். கிண்ணத்துக்கு உருண்டைக் கம்பியில் குடைந்த பவுல் கௌஜ்தான் சரி.

இப்போது அதைத்தான் பிடிக்கிறேன். முதலில் உளி டூல் ரெஸ்டில், அதாவது லேத்தில் உளியைத் தாங்கும் கட்டையில், உட்கார வேண்டும். அப்புறம் முனைக்குக் கீழே உள்ள சரிவு மரத்தை உரச வேண்டும். பிறகுதான் பிடியை மெல்லத் தூக்கி வெட்டுவது. சீவல் செக்கச்செவேலென்று சுருள் சுருளாக வருகிறது.

சாணையே வேண்டாம் என்று சொல்லவில்லை. தேக்கில் மணற்சத்து உண்டு, முனை சீக்கிரம் மழுங்கும். அதற்கு அடிக்கடி சாணை பிடிக்கத்தான் வேண்டும்.

ரஃபிங் கௌஜால் யாராவது கிண்ணம் கடைந்துகொண்டிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே நிறுத்துங்கள்.