'வொகேஷனல் ரிஹாபிலிடேஷன்': தொழில் மறுவாழ்வா, பணிவாழ்வாக்கமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் 'வொகேஷனல் ரிஹாபிலிடேஷன்' என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன், வந்த பதில்களை எல்லாம் படித்தேன், நன்றி. எதற்காகக் கேட்கிறேன் என்று சொல்லாமலே கேட்டுவிட்டேன், அதனால்தான் பாதிப் பேர் 'தொழில் மறுவாழ்வு என்று ஏற்கெனவே இருக்கிறதே, அப்புறம் என்ன' என்று முடித்துவிட்டீர்கள். இப்போது விவரமாக எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும் மாற்றுத்திறனாளிகளை வேலைக்குக் கொண்டுசேர்க்கும் அரசுத் துறை உண்டு, அந்தச் சேவைக்குத்தான் 'வொகேஷனல் ரிஹாபிலிடேஷன்' என்று பெயர். திட்டம் 1920-இல் தொடங்கியது, 1973-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. அந்தத் துறை செய்வதைப் பார்த்துக் கேள்வி கேட்கவும், திட்டம் வகுக்கும்போது கூட இருக்கவும் மாநில அளவில் ஒரு மன்றம் இருக்கிறது. இவை இரண்டையும் பற்றி எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு நான்கு பக்கத்தில் ஒரு துண்டறிக்கை தயாரிக்கிறோம். முதல் வரைவில் நானும் 'தொழில் மறுவாழ்வு' என்றுதான் போட்டிருந்தேன்.

அதை முதலில் காட்டியது எங்களுக்குத் தெரிந்த ஒரு மதுரைக்கார அம்மாவிடம். மகனுக்குப் பத்தொன்பது வயது, பிறவியிலேயே காது கேட்காது, கணினியில் வரைபடம் போடும் வேலைக்குப் போக ஆசை. அம்மா தாளை வாங்கி இரண்டு வரி படித்தார், அப்படியே மேசையில் வைத்துவிட்டார். "மறுவாழ்வு மையம்னா குடிக்கிறவங்களைச் சேர்க்கிற இடம்தானே தம்பி, இவனை ஏன் அங்க அனுப்பணும்?" என்றார். பையன் தாளை எடுத்துப் படித்துவிட்டு, கைப்பேசியில் தட்டச்சு செய்து என் பக்கம் நீட்டினான்: 'மறு என்றால் இன்னொரு தடவை என்று அர்த்தமா? நான் இனிமேல்தானே முதல் வேலைக்குப் போகப் போகிறேன்?' எனக்குப் பதில் வரவில்லை.

இரண்டு பேர் சொன்னதும் சரி. ஐநா மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையின் 26-ஆவது பிரிவு இதற்காகத்தான் ஹாபிலிடேஷன், ரிஹாபிலிடேஷன் என்று இரண்டு சொற்களையும் சேர்த்தே சொல்கிறது. இருந்த திறனை இழந்தவர் திரும்பப் பெறுவது (ரிஹாபிலிடேஷன்) வேறு, பிறவியிலிருந்தே ஒரு நிலையில் இருப்பவர் புதிதாகத் திறன் பெறுவது (ஹாபிலிடேஷன்) வேறு. தமிழில் 'மறு' போட்டதும் இரண்டாமவர் வெளியே போய்விடுகிறார். விபத்தில் கால் போனவருக்கு மட்டும் பொருந்துகிற சொல்லை எல்லோர் தலையிலும் வைக்க முடியுமா?

எனக்கு இன்னும் உறுத்துவது வேறொன்று. மறுவாழ்வு என்பது நம் வழக்கில் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பது. கணவனை இழந்த பெண்ணை மணந்தவரை 'மறுவாழ்வு கொடுத்தார்' என்கிறோம். தமிழ்நாட்டில் அகதி முகாம்களின் பெயரை 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்ற படிநிலை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் நான் சொன்ன அமெரிக்கச் சட்டத்தின் உயிர்நாடியே வேறு. என்ன வேலை இலக்கு, எந்தப் பயிற்சி, யாரிடம் போவது என்பதை விண்ணப்பித்தவரே விவரம் தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அவருக்கென்று எழுதப்படும் வேலைத் திட்டத்தில் ஆலோசகரோடு அவரும் கையெழுத்துப் போட வேண்டும். தகுதி உண்டா இல்லையா என்று பொதுவாக 60 நாட்களுக்குள் துறை சொல்லியாக வேண்டும். உரிமையோடு கேட்டு வாங்கும் சேவைக்கு இரங்கிக் கொடுக்கும் சொல் ஒட்டாது.

ஈழத்து நண்பர் ஒருவர் 'புனர்வாழ்வு' என்றார். இலங்கையில் அரச வழக்கில் இருக்கும் சொல்தான், ஆனால் 2009-இல் போர் முடிந்த பிறகு, முன்னாள் போராளிகளைத் தடுத்துவைத்த முகாம்களோடு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரிடம் கேட்டேன். "ஐயோ, அது தடுப்பில இருந்த பிள்ளையளுக்குச் சொல்லுறதெல்லோ, அதைப் போடாதேங்கோ" என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. 'புனரமைப்பு' சாலைக்கும் குளத்துக்கும் சொல்வது, மனிதருக்குச் சொல்ல மனம் வரவில்லை.

அடுத்து 'தொழில்'. தமிழ்நாட்டில் தொழில் என்றால் முதல் போட்டு நடத்துவது, மாதச் சம்பளத்துக்குப் போவது வேலை. இலங்கையில் சம்பள வேலையையும் தொழில் என்பார்கள். 'தொழில் மறுவாழ்வு' என்று எழுதினால் நலிந்த ஆலைகளைத் தூக்கி நிறுத்தும் திட்டம் போலவும் தொனிக்கிறது. 'தொழிற்பயிற்சி' என்று ஓர் ஐயா பரிந்துரைத்தார், சுருக்கமான சொல்தான், ஆனால் பயிற்சி இதில் ஒரு பகுதி மட்டுமே. திறன் மதிப்பீடு, ஆலோசனை, காது கேட்கும் கருவி, கல்லூரிக் கட்டணம், காலுக்குப் பதில் கையால் வண்டி ஓட்டக் கைக்கட்டுப்பாடு பொருத்துவது, வேலையிடத்தில் கொஞ்ச நாள் கூட நின்று பழக்கிவிடும் பயிற்றுநர் என்று தேவைக்கேற்ப எவ்வளவோ இருக்கிறது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1983-ஆம் ஆண்டு 159-ஆவது உடன்படிக்கை இதன் நோக்கத்தைச் சொல்லும்போது மூன்று வினைகளைச் சொல்கிறது: ஏற்ற வேலையைப் பெறுவது, அதைத் தக்கவைப்பது, அதில் முன்னேறுவது. எனக்கு அதுதான் பிடி கொடுத்தது. வேலை வாங்கித் தருவதோடு முடிவதில்லை, ஒரு வேலை வாழ்க்கையே உருவாக வேண்டும். அதனால் என் பரிந்துரை 'பணிவாழ்வாக்கம்'. பணிவாழ்வு நாம் புழங்குகிற சொல், 'ஆக்கம்' புதிதாக ஆக்குவதற்கும் இழந்ததை மீண்டும் ஆக்குவதற்கும் பொதுவாக நிற்கும், இரண்டு நாட்டுக்காரர்களுக்கும் 'பணி' புரியும். பணிவாழ்வாக்க ஆலோசகர், பணிவாழ்வாக்கச் சேவை என்று நீட்டவும் வருகிறது. 'பணியாக்கம்' என்று சுருக்கிப் பார்த்தேன், வேலைவாய்ப்பு உருவாக்குவது போல ஆகிவிடுகிறது, விட்டுவிட்டேன். மருத்துவமனையில் பக்கவாதத்துக்குப் பிறகு தருகிற சிகிச்சைக்கு மறுவாழ்வு என்றே இருக்கட்டும், அதில் நான் கை வைக்கவில்லை.

இனி மன்றத்தின் பெயர். பலரும் 'மாநில ஆலோசனைக் குழு' என்றே எழுதியிருக்கிறீர்கள். 1992 திருத்தத்தில் இந்த அமைப்பு வந்தபோது பெயரில் 'ஆலோசனை' இருந்தது உண்மை, 1998-இல் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்ததற்கு ஏற்ப, துறையின் இலக்குகளையும் முன்னுரிமைகளையும் துறையோடு சேர்ந்து வகுக்கிற பங்கு மன்றத்துக்கு வந்தது. உறுப்பினர்களை ஆளுநர் நியமிப்பார், ஆனால் பெரும்பான்மையோர் மாற்றுத்திறனாளிகளாகவும் அந்தத் துறையில் சம்பளம் வாங்காதவர்களாகவும் இருக்க வேண்டும். வணிகம், தொழிற்சங்கத் தரப்பிலிருந்து குறைந்தது நான்கு பேர். ஆண்டுக்கு நான்கு கூட்டமாவது நடக்க வேண்டும், சேவை பெற்றவர்களுக்குத் திருப்தியா என்று ஆராய வேண்டும், ஆண்டறிக்கை ஆளுநருக்குப் போக வேண்டும்.

நான் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேசும் முன் ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்ல வேண்டும், பார்வையற்ற உறுப்பினருக்கு யார் பேசுகிறார் என்று தெரிவதற்காக. ஒருவர் மறந்து பேசத் தொடங்கியதும் தலைவர் நிறுத்தி, பெயர் சொன்ன பிறகுதான் தொடரவிட்டார். சைகைமொழிபெயர்ப்பாளரின் கை நிற்கும்வரை அடுத்தவர் வாய் திறக்கவில்லை. இதை 'ஆலோசனைக் குழு' என்று எழுதினால் அதிகாரிகள் நாலு பேர் தேநீர் குடித்துக் கலைகிற கூட்டம் என்றுதான் நம் ஆட்கள் நினைப்பார்கள். 'மாநிலப் பணிவாழ்வாக்க மன்றம்' என்று போடலாம் என்பது என் எண்ணம்.

இன்னொரு சிறிய சொல், ஆனால் குடும்பங்களை நேரடியாகத் தொடுவது. எல்லோருக்கும் சேவை தரப் பணமோ ஆளோ போதாதபோது, மிகக் கடுமையான குறைபாடு உள்ளவர்களை முதலில் எடுத்துக்கொண்டு மற்றவர்களைக் காத்திருக்கச் சொல்வார்கள். அதற்கு ஆங்கிலத்தில் 'ஆர்டர் ஆஃப் செலக்ஷன்' என்று பெயர். வரைவில் யாரோ 'தேர்வு ஒழுங்கு' என்று திருத்தியிருக்கிறார்கள். கடிதம் வாங்குகிறவர் பரீட்சை ஏதோ எழுத வேண்டும் என்று நினைத்துவிடுவார். 'முன்னுரிமை வரிசை' என்றால் படித்ததுமே தான் எங்கே நிற்கிறோம் என்று புரியும்.

பணிவாழ்வாக்கம் நீளம் என்று சிலர் சொல்வீர்கள், எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு. திரைபடிப்பான் (திரையில் உள்ள எழுத்தை வாசித்துக்காட்டும் மென்பொருள்) பயன்படுத்தும் நண்பர்கள் யாராவது அதை வாசிக்கவிட்டு, எங்கே உடைக்கிறது என்று எழுதினால் பெரிய உதவி. இதைவிடக் குறுகிய சொல் கிடைத்தால் மகிழ்ச்சியோடு மாற்றிவிடுகிறேன், 'மறு' மட்டும் வேண்டாம். அச்சுக்கு அடுத்த செவ்வாய் போகிறது. ஞாயிறு மாலை அந்த அம்மா வீட்டுக்குத் திருத்திய தாளோடு போகிறேன், அதற்குள் எழுதுங்கள்.