பிரேக் பெடல் மெதுவா மேல வருது, எங்க பார்க்கணும்?

சேலத்துக்காரன்:
வணக்கம் நண்பர்களே, 2013 மாடல் பெட்ரோல் வண்டி, முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். கொஞ்ச நாளா பிரேக் மிதிச்சிட்டு கால எடுத்தா பெடல் டக்குனு மேல வரமாட்டேங்குது, மெல்ல எழும்புது, அதுவரைக்கும் பிரேக் லைட்டும் எரிஞ்சிட்டே இருக்குன்னு பின்னாடி வந்த பைக்காரர் சொன்னாரு. பிரேக் நல்லாத்தான் பிடிக்குது. ஆனா ஏற்காடு இறங்கி அடிவாரத்துல நிறுத்தினா முன் வீல் ரெண்டுலயும் கருகுன வாடை. பக்கத்துல காட்டினா தொட்டுக்கூட பார்க்காம மாஸ்டர் சிலிண்டர் (பெடல மிதிச்சா பிரேக் ஆயில வீலுக்கு தள்ளுற பாகம்) மாத்து, பூஸ்டரும் (மிதிக்கிற பலத்த கூட்டித் தர்ற பாகம்) போயிருக்கும்ங்கறாங்க. குழந்தைங்களோட போற வண்டி, பயமா இருக்கு.

கோவை கியர்:
ப்ரோ, பைசா செலவில்லாத டெஸ்ட் ஒண்ணு இருக்கு. இன்ஜின ஆஃப் பண்ணிட்டு பெடல அஞ்சாறு தடவ மிதிங்க, கல்லு மாதிரி ஆயிடும், பூஸ்டர்ல இருந்த வாக்குவம் (வெற்றிடம்) தீர்ந்துச்சுன்னு அர்த்தம். இப்ப மிதிச்சு விட்டா சட்டுனு வருது, இன்ஜின் ஓடுறப்ப மட்டும்தான் மெதுவா வருதுன்னா பூஸ்டர் மேல சந்தேகம். ரெண்டுலயும் மெதுவுன்னா பூஸ்டர் ராடையும் பெடலையும் சேர்க்குற பின்ன கழட்டிட்டு பெடல கையால ஆட்டிப் பாருங்க. அப்பவும் இறுக்கமா இருந்தா பெடல் புஷ் (பெடல் ஆடுற அச்சுல இருக்க வளையம்) துரு பிடிச்சிருக்கும், மழைத்தண்ணி உள்ள ஏறின வண்டில இது சகஜம், சுத்தம் பண்ணி கிரீஸ் வச்சா சரியாயிடும்.

பழைய மெக்கானிக்:
வாடை வருதுன்னா பிரேக் ஆயில் வீல்ல இருந்து திரும்பி வராம பிரேக் பிடிச்சே நிக்குது தம்பி. வண்டி சூடா இருக்கப்பவே ஸ்டாண்ட் வச்சு முன் வீல தூக்கி கையால சுத்துங்க. இறுக்கமா இருந்தா மாஸ்டர் சிலிண்டர பூஸ்டரோட பிடிச்சிருக்க நட்டுங்கள கொஞ்சம் லூஸ் பண்ணி முன்னாடி இழுங்க, வீல் ஃப்ரீ ஆனா பூஸ்டர் ராடு தள்ளிக்கிட்டே இருக்கு. ஆகலன்னா சிலிண்டர்ல இருந்து போற பைப் நட்ட லூஸ் பண்ணுங்க, அதுல ஃப்ரீ ஆனா சிலிண்டர் உள்ள ரிட்டர்ன் ஓட்டை அடைச்சிருக்கு. அதுக்கும் அசையலன்னா வீல்ல ஆயில் வெளியேத்துற நிப்பிள திறங்க, அப்ப விட்டுச்சுன்னா நடுவுல ரப்பர் ஹோஸ் உள்பக்கம் அடைச்சிருக்கு, அப்பவும் விடலன்னா டிஸ்க்க பிடிக்கிற காலிபர்தான். அதுக்கு முன்னாடி ஒண்ணு, சமீபத்துல யாராச்சும் ஆயில் ஊத்தினாங்களா? பிரேக் ஆயில் டப்பா மூடியக் கழட்டி உள்ள ரப்பரப் பாருங்க.

சேலத்துக்காரன்:
பார்த்தேன் அண்ணே. ரப்பர் உப்பி நெளிஞ்சு கிடக்கு, திரும்ப மூடில உக்காரவே மாட்டேங்குது. வெளியில ஒரு இடத்துல டாப்அப் பண்ணாங்க. இன்ஜின் ஆஃப்லயும் பெடல் மெதுவாத்தான் வருது, பின்ன கழட்டினா பெடல் இறுக்கமில்லாம ஆடுது.

பழைய மெக்கானிக்:
இன்ஜின் ஆஃப்லயும் மெதுவா வருது, ரப்பரும் உப்பியிருக்கு, அப்ப பூஸ்டர்ல கை வைக்க விடாதீங்க. பவர் ஸ்டீயரிங் ஆயிலோ இன்ஜின் ஆயிலோ கலந்திருக்கு. டாட் 3, டாட் 4ங்கற பிரேக் ஆயில் வகைக்குன்னு செஞ்ச ரப்பர் அது, மினரல் ஆயில் பட்டா ஊறி உப்பி சிலிண்டருக்குள்ள சிக்கிக்கும், ரிட்டர்ன் ஓட்டையையும் மூடிடும். ஒரு டம்ளர் தண்ணில நாலு சொட்டு விடுங்க, பிரேக் ஆயில்னா கரைஞ்சிடும், மத்தது மேல மிதக்கும். வண்டிய ஓட்டவே ஓட்டாதீங்க தம்பி, சூடேறி ஆயில் கொதிச்சா பெடல் அப்படியே கீழ போயிடும். மாஸ்டர் சிலிண்டர மட்டும் மாத்தினா மிச்சம் நிக்குற ஆயில் புது சிலிண்டரோட ரப்பர் வாஷரையும் கெடுத்துடும், அதனால ஹோஸ், காலிபர் கிட், பின் வீல் சிலிண்டர், மூடி ரப்பர் எல்லாமே மாத்தி, பைப்ப முழுசா கழுவி புது ஆயில் ஊத்தி பிளீட் பண்ணணும் (உள்ள இருக்க காத்த வெளியேத்தணும்). ஏபிஎஸ் (வீல் லாக் ஆகாம பார்த்துக்குற சிஸ்டம்) இருந்தா அந்த யூனிட்லயும் ரப்பர் இருக்கு, செலவு ஏறும்னு இப்பவே கேட்டு வச்சுக்குங்க. டோ போட்டு கொண்டு போங்க.