அப்பாவுக்கு ஸ்ட்ரோக்: ஆக்சிஜன் வைக்கல, பாதியில முழு மயக்கம் குடுத்தாங்க, இது சரிதானா?

முக்கூடல்காரன்:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுத்துக்கோங்க. போன வாரம் வெள்ளன அப்பா வாசல்ல நின்னு பல் தேய்ச்சிக்கிட்டு இருந்தாவ, பிரஷ் கையில இருந்து நழுவிருச்சு, குனிஞ்சு எடுக்கப் போனா வலது கை வரவே இல்ல, என்னப்பான்னு கேட்டா வாய் ஒரு பக்கம் கோணி ம்மா ம்மான்னு சத்தம் மட்டும்தான் வருது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி கார்ல பாளையங்கோட்டைக்குக் கொண்டு போயிட்டோம். சிடி எடுத்துட்டு, மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாய் அடைச்சிருக்கு, ஊசி மட்டும் பத்தாது, தொடை வழியா ட்யூப் விட்டு கட்டிய எடுக்கணும்னாங்க.
கேஷுவாலிட்டில ஆக்சிஜன் மாஸ்க் வைக்கவே இல்ல. எங்க அத்தை கத்துதாவ, கொரோனா நேரத்துல ஆக்சிஜனுக்கு அலைஞ்ச குடும்பம் நாங்க, பயம் இருக்கத்தான செய்யும். விரல்ல மாட்டுன மெஷின்ல 97 இருக்கு, வேண்டாம்னுட்டாங்க. அப்புறம் லேசான மயக்கம் போதும்னு கையெழுத்து வாங்கிட்டு உள்ள போனவங்க, கொஞ்ச நேரத்துல வந்து முழு மயக்கம் குடுக்கப் போறோம்னு இன்னொரு பேப்பர நீட்டுதாங்க, ஏன்னு யாரும் உக்காந்து சொல்லல. அடைப்ப எடுத்தாச்சு, கை லேசா அசையுது, பேச்சு இன்னும் வரல. முழு மயக்கத்தாலதான் பேச்சு போச்சுன்னு சொந்தக்காரங்க சொல்லுதாங்க. நான் அந்த ரெண்டாவது கையெழுத்த போட்டிருக்கக் கூடாதோ? ராத்திரி தூக்கமே வர மாட்டேங்கு.

பொருநைக்கரை:
தம்பி, நான் மயக்க மருந்து டாக்டர், இந்த மாதிரி கேஸ்ல நின்னுருக்கேன். முதல்ல ஒண்ணு, அப்பாவுக்குப் பேச்சு போனது வாசல்லயே, நீங்களே எழுதியிருக்கீங்க. வலது கையும் பேச்சும் சேர்ந்து போனா பெரும்பாலும் இடது பக்க மூளை. அவங்களுக்கு நாம சொல்றதே புரியாம போகலாம், அசையாம படுங்கன்னா பயத்துல காலை இழுப்பாங்க, குழாய்க்குள்ள ஒயர் இருக்கும்போது அப்படி அசைஞ்சா குழாய் கிழிஞ்சு ரத்தம் கசியுற ஆபத்து இருக்கு. அதான் பாதியில மாத்துறது. ஜெர்மனில 150 பேர வச்சு நடந்த சியெஸ்டா ட்ரயல்ல, லேசான மயக்கத்துல ஆரம்பிச்ச 77 பேர்ல 11 பேர இப்படி மாத்த வேண்டி வந்துச்சு. 24 மணி நேரம் கழிச்சுப் பாத்தா இவங்களுக்கும், முதல்லயே முழு மயக்கம் வாங்கின குரூப்புக்கும் வித்தியாசம் இல்ல. டென்மார்க்ல நடந்த கோலியாத் ட்ரயல்ல முழு மயக்கம் வாங்கினவங்க கொஞ்சம் நல்லாவே இருந்தாங்க. அதுக்கு முந்தின ஆய்வுகள்ல முழு மயக்கம் கெடுதல்னு வந்துச்சுன்னா, ரொம்ப மோசமா வந்தவங்களுக்குத்தான் அத குடுத்தாங்க, அதனால கணக்கு அப்படித் தெரிஞ்சது.
நாங்க பயப்படுறது பிரஷருக்குத்தான். மயக்க மருந்து ஏறுனதும் பிரஷர் விழும், அடைப்புக்கு அந்தப் பக்கம் சுத்துவழியா சொட்டுச் சொட்டா போற ரத்தமும் நின்னுரும், அதனால மேல் பிரஷர 140க்குக் கீழ விடாம பிடிச்சு வைக்கப் பாப்போம். வெண்டிலேட்டர்ல மூச்ச வேகமா ஓட்டுனா கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு மூளைக் குழாய் சுருங்கும், அதையும் விடக் கூடாது. மயக்க சார்ட்ல இதெல்லாம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ எழுதியிருக்கும், கேளுங்க, காட்டுவாங்க.
ஆக்சிஜன் 94க்குக் கீழ போனாத்தான் குடுக்கணும். பிரிட்டன்ல 8003 பேருக்குப் பாத்தாங்க, குறைவில்லாதவங்களுக்கு சும்மா வச்சதுல பலன் இல்ல, 2017ல வந்துச்சு. அத்தைகிட்ட சொல்லுங்க, 97 நல்ல நம்பர்.

அம்பை அக்கா:
தம்பி, எங்க ஆச்சிக்கு உடம்புல இடது பக்கம் விழுந்துச்சு, பேச்சு தெளிவா இருந்துச்சு, அதனால லேசான மயக்கத்துலயே எடுத்தாங்க, டாக்டர் அசையாதீங்க ஆச்சின்னு சொல்ல, சரி ராசான்னு பதில் சொல்லிக்கிட்டே கெடந்தாவளாம். ஆனா கை இன்னைக்கும் வரல. ஏன்னா முதல்ல நாங்க போன சின்ன ஆஸ்பத்திரில வாய்வா இருக்கும்னு டிரிப் ஏத்தி மூணு மணி நேரம் படுக்க வச்சிட்டாங்க, ஸ்கேன் மெஷினே கிடையாது அங்க. நாங்களும் நம்பி வெளிய உக்காந்திருந்தோம், அத நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. நீங்க நேரா போனீங்க பாருங்க, உங்க அப்பாவுக்கு அதவிட யாரும் பெருசா செஞ்சிர முடியாது.

பொருநைக்கரை:
அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. பெரிய குழாய் அடைச்சா நிமிஷத்துக்கு 19 லட்சம் நரம்பு செல் சாகுதுன்னு கணக்கு. எந்த மயக்கம்னு வாதாடுற நேரத்துல கூட செல் போயிக்கிட்டு இருக்கும். தம்பி, ஸ்பீச் தெரபிய மட்டும் விட்றாதீங்க, பேச்சு மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமாத்தான் திரும்பும்.

முக்கூடல்காரன்:
ரொம்ப நன்றி சார், அக்கா உங்களுக்கும். சார்ட்ட கேட்டேன், அந்த சிஸ்டர் கூடவே நின்னு காட்டுனாங்க, ஒரு இடத்துல மேல் பிரஷர் 128 இருக்கு, அடுத்த கோட்டுல 146. இன்னைக்குக் காலையில அப்பா என் கையப் பிடிச்சு "தண்"ன்னாவ. தண்ணிதான் கேக்குதாவன்னு நான் டம்ளர எடுத்துட்டேன், சிஸ்டர் ஓடி வந்து தடுத்துட்டாங்க, முழுங்க வருதான்னு பாக்காம குடுத்தா நுரையீரலுக்குள்ள போயிருமாம். தெரபிஸ்ட் வந்து நிமித்தி உக்கார வச்சு ஒரு ஸ்பூன் குடுத்தாங்க. இருமல் வரல. இன்னொரு ஸ்பூன் குடுத்தாங்க.