ஜன்னலைத் திறக்காததால்தான் சுவர் கறுக்கிறதா?

மூன்றாம்வீடு: "சுவரில் பூசணம் பிடித்தால் அது குடியிருப்பவர் ஜன்னலைத் திறக்காத குற்றம்" என்று சொந்தச்சுவர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எங்கள் படுக்கையறைக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பெயிண்ட் கொப்பளித்து, விரல் வைத்தால் காரை மாவாக உதிர்கிறது. ஜன்னல் காலை முதல் இரவு வரை திறந்தேதான் கிடக்கிறது. இன்னும் எந்த ஜன்னலைத் திறக்க வேண்டும், சொல்லுங்கள்.

சொந்தச்சுவர்: எழுதியதில் மாற்றமில்லை. என் வீட்டில் இருந்தவர்கள் அறைக்குள்ளேயே கொடி கட்டி ஈரத்துணி காயப்போட்டார்கள். காலி செய்த அன்று பீரோவை நகர்த்தினால் பின்னால் ஆள் உயரத்துக்குக் கறுப்பு. அந்தச் சுவரில் குழாயே கிடையாது. ஜன்னல் கொக்கி துருப்பிடித்து அசையவே இல்லை. கடன் வாங்கிக் கட்டிய வீடு அது.

மூன்றாம்வீடு: அது உங்கள் சுவர். என் சுவரில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. தண்ணீர் சுவருக்குள்ளே ஊறி, செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்து காய்ந்தால்தான் அப்படிப் பூக்கும். மூடிய ஜன்னலால் உப்பு பூக்காது.

கரண்டிக்கை: இருபது வருஷமாக டைல்ஸ் வேலை செய்கிறேன். நீங்கள் இருவரும் பேசுவது வேறு வேறு நோய். சுவரைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் வியர்த்தால் காற்றின் ஈரம். சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்தால் கசிவு. பாத்ரூமை ஒட்டிய சுவர் என்றால் டைல்ஸ் இடுக்கைத்தான் முதலில் பார்ப்பேன்.

சொந்தச்சுவர்: இடுக்கு ஏன் அரித்துப்போகிறது? ஆசிட் ஊற்றிக் கழுவினால் அரிக்காதா? ஊற்றுவது யார்?

மூன்றாம்வீடு: நேற்று ஜன்னல், இன்று ஆசிட்டா? நான் ஆசிட் தொட்டதே இல்லை. போன மாதம் ஆணி விஷயத்திலும் இப்படித்தான் தாவினீர்கள். காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடித்தால் சுவர் முழுக்கப் பெயிண்ட் அடிக்கிற செலவை அட்வான்ஸில் பிடிக்கலாம் என்றீர்கள்.

சொந்தச்சுவர்: ஒரு ஆணியா? பதினேழு. நானே எண்ணினேன். பிடுங்கிய இடமெல்லாம் பட்டி பார்த்தது என் கைக்காசில்.

புதுக்குடி: ஆணியை விடுங்களேன். எங்களுக்கு ஓதம் என்று சொன்னால் மேலே பெயிண்ட் மட்டும் அடித்துக் கொடுக்கிறார்கள். ஈரம் உள்ளேயே இருக்கிறது, கொஞ்ச நாளில் மறுபடி உரிகிறது. குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை. இனிமேல் சாவி வாங்கும் அன்றே ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுவேன்.

சொந்தச்சுவர்: போட்டோவில் ஜன்னலும் தெரியட்டும்.

மூன்றாம்வீடு: இரண்டு நாள் தாள் ஒட்டி வைத்து இன்று காலை பிரித்தேன். சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். அறைப் பக்கம் தூசிதான் இருந்தது. கரண்டிக்கை ஐயாவுக்கு நன்றி. சொந்தச்சுவர், இப்போதாவது அந்த வரியைத் திரும்பப் பெறுவீர்களா?

சொந்தச்சுவர்: அந்த இரண்டு ராத்திரியும் ஜன்னல் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? அதைச் சொல்லவே இல்லையே.

மூன்றாம்வீடு: திறந்திருந்தது. ராத்திரியும் திறந்திருந்தது.